வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், செல்ஃப் டேனர் எனப்படும் பழுப்புப் பூச்சை வீட்டிலேயே இயல்பாகப் பூசிக்கொள்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் வெளிர்ந்த உடம்பை வெயிலில் நிறம் ஏறிய உடம்பாகக் காட்ட விரும்புகிறவர்களை மட்டுமே அவர் மனத்தில் வைத்திருக்கிறார். அதே பூச்சை வேறொரு தேவைக்காகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறோம். எங்களுக்கு வெண்புள்ளி இருக்கிறது. கட்டுரையில் சொன்ன முறையை நாங்கள் அப்படியே பின்பற்றினால் பல இடங்களில் பலன் கிடைக்காது; ஓரிடத்தில் தீங்கே விளையலாம். அதனால்தான் இக்கடிதம்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் இரண்டு புறங்கைகளிலும், சில விரல்களின் நுனியிலும், கழுத்தின் வலப்பக்கத்திலும் வெண்புள்ளிகள் உள்ளன. கரும்பலகையில் எழுதுகிறவளின் கையை வகுப்பு முழுவதும் பார்க்கும். சமன்பாட்டின் மேல் இருக்க வேண்டிய கண்கள் விரல்களின் மேல் நிற்பதை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பார்க்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆய்வகத்தில் முதல் நாளே, இது தொற்றாது, தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கி அழிப்பதால் வருவது என்று சொல்லிவிடுவேன். உலக மக்களில் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. ஆகவே எந்தப் பெரிய பள்ளியிலும் நான் ஒருத்தி மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை. சொன்ன பிறகு பெரும்பாலான பிள்ளைகள் பாடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர்கள்தாம் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.

முதலில் அந்தத் தீங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூசுவதற்கு முன் சொரசொரப்பான கையுறையாலோ ஸ்கிரப்பாலோ தோலை நன்றாகத் தேய்த்து இறந்த செல்களை நீக்க வேண்டும் என்கிறது கட்டுரை. மற்றவர்களுக்கு அது சரி. எங்களில் பலருக்கோ, தோலில் சிராய்ப்பு, வெட்டு, தீக்காயம், ஓயாத உராய்வு என எது நேர்ந்தாலும் அந்த இடத்திலேயே புதிய வெண்புள்ளி தோன்றக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிச் கோப்னரின் பெயரால் இதைக் கோப்னர் விளைவு என்கிறார்கள். முழங்கை, முழங்கால், உடை இறுகும் இடுப்பு போன்ற இடங்களில் புள்ளிகள் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இருக்கும் புள்ளியை மறைக்கப் போய், தேய்த்துத் தேய்த்துப் பக்கத்தில் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டுமா? நான் தேய்ப்பதே இல்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியைச் சிறிது நேரம் தோலின்மேல் போட்டு வைத்து, அழுத்தாமல் துடைத்தெடுக்கிறேன். சோப்போ எண்ணெயோ தங்கிவிடாதபடி வெறும் நீரில் மறுபடி கழுவி, முழுவதும் உலரும் வரை காத்திருக்கிறேன். இதுவே போதுமானது.

இந்தப் பூச்சு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இதிலுள்ள முக்கியப் பொருள் டைஹைட்ராக்சி அசிட்டோன். மூன்று கார்பன் அணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய சர்க்கரை. இது சாயமல்ல, தன்னளவில் நிறமற்றது. தோலின் மேல் அடுக்கிலுள்ள இறந்த செல்களின் புரதங்களில் இருக்கும் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறப் பொருள்களை உண்டாக்குகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மையார் 1912இல் விவரித்த வினை இது. ரொட்டியின் மேற்பரப்பு சூட்டில் பழுப்பாவதும் இதே வகை வினைதான். நிறமி செல்களுக்கு இதில் எந்த வேலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை முற்றிலும் அழிந்துபோன தோலும் பழுப்பாகும். எங்களுக்கு இந்தப் பூச்சு உதவுவது அதனால்தான்.

இந்தக் குணம் தெரியவந்ததும் ஓர் அழகு நிலையத்தில் அல்ல. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர், உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் அளவுமீறிச் சேரும் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இப்பொருளை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளின் தோலில் சிந்திய இடங்கள் சில மணி நேரத்தில் பழுப்பாயின. துணியில் சிந்தியது நிறம் மாறவில்லை. அவர் தம் தோலிலேயே கரைசலைப் பூசிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். நோயுற்ற குழந்தைகளைக் கவனித்த கண்கள் கண்டுபிடித்த ஒன்றை, நோயுள்ளவர்களை விட்டுவிட்டு எழுதலாமா என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, பூசும் முறைக்கு வருகிறேன். உடல் முழுக்கப் பூசுகிறவர்களுக்குத் திட்டுத் திட்டாகத் தெரியாமல் சீராகப் பரப்புவது முக்கியம். எங்களுக்கு எல்லாமே புள்ளியின் விளிம்பில்தான் இருக்கிறது. பூச்சு வெள்ளைத் தோலையும் அதை அடுத்துள்ள இயல்பான தோலையும் வேறுபடுத்திப் பார்க்காது, இரண்டையும் பழுப்பாக்கும். இயல்பான தோலில் அதற்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் பழுப்பும் ஏறினால் புள்ளியைச் சுற்றிக் கருவளையம் போட்டதுபோல் ஆகிவிடும். புள்ளியை மறைக்கப் பூசியது அதற்குக் கோடு போட்டுக் காட்டும். ஆகவே கையாலோ பஞ்சு உருண்டையாலோ இதைப் பூசக் கூடாது. சிறிய புள்ளிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி, அதைவிடச் சிறியதற்கு மெல்லிய ஓவியத் தூரிகை. நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி வருகிறேன். விளிம்பைத் தொடுவதற்குள் குச்சியில் பூச்சு ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். விளிம்புக்கு ஒரு மயிரிழை உள்ளேயே நிறுத்திவிடுகிறேன். வெளியே பட்டுவிட்டால் உடனே ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிடலாம். வினை நடக்க நேரமாகும் என்பதால் அதற்கு அவகாசம் உண்டு. கழுத்துப் புள்ளி என் கண்ணுக்கு எட்டாது. அதை என் கணவர் பூசிவிடுகிறார். கண்ணாடியில் பார்த்து இடவலம் குழம்பிக்கொண்டு நாமே பூசுவதைவிட, பொறுமையுள்ள இன்னொருவரிடம் குச்சியைக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது அடர்த்தி. கடைகளில் கிடைக்கும் பூச்சுகள் பலவற்றில் இப்பொருள் 3 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். வெளிர்ந்த தோலைச் சற்றே மாநிறமாக்க அது போதும். மாநிறத் தோலின் நடுவே உள்ள சுண்ணாம்பு நிறப் புள்ளியை அக்கம்பக்கத்துக்கு இணையாக்க ஒரு பூச்சு போதாது. அதற்காக ஒரேயடியாக அப்பினால் பழுப்புக்குப் பதில் ஆரஞ்சு நிறம்தான் வரும். மெல்லிய பூச்சாகப் போட்டு, நிறம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த நாள் இன்னொரு மெல்லிய பூச்சு போடுவதே என் வழக்கம். நிறம் 2 முதல் 4 மணி நேரத்தில் தெரியத் தொடங்கும்; முழுமையடைய ஒரு நாள் வரை ஆகலாம். பூசிய ஒரு மணி நேரத்தில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று மறுபடி பூசுகிறவர்கள்தாம் மறுநாள் காலையில் திடுக்கிடுகிறார்கள். இன்னும் அடர்வான பூச்சுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இதற்கு 10 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தது. அந்த எல்லையைத் தாண்டியதை வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சில பூச்சுகளில், எங்கே பூசினோம் என்று தெரிவதற்காகத் தற்காலிகப் பழுப்புச் சாயமும் கலந்திருக்கும். முதல் கழுவலிலேயே அது போய்விடும், துணியிலும் படும். அதை உண்மையான நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

இயல்பான தோற்றம் என்பதற்குக் கட்டுரை தரும் விளக்கத்திலிருந்தும் நான் மாறுபடுகிறேன். எல்லா இடமும் ஒரே நிறமாக இருப்பதுதான் இயல்பு என்பதுபோல் அது எழுதப்பட்டிருக்கிறது. மாநிறக் கையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விரல் மூட்டுகள் மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கும். விரல்களின் பக்கவாட்டில் நிறம் மெல்ல மெல்லக் குறைந்து உள்ளங்கையின் வெளிர் நிறத்தில் கலந்துவிடும். நகத்தை ஒட்டிய தோல் வேறொரு சாயலில் இருக்கும். இத்தனை வேறுபாடுகள் கொண்டதுதான் இயல்பான கை. மூட்டுகளின் தடித்த தோல் பூச்சை அதிகம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். எச்சரிக்கை சரிதான், மடிப்புகளில் பூச்சு தேங்கக் கூடாது. ஆனால் மாநிறத்தவருக்கு மூட்டு ஓரளவு கூடுதலாகக் கருப்பதில் கேடில்லை. கேடு எங்கே என்றால், புறங்கையின் நிறத்தை அப்படியே உள்ளங்கை ஓரம் வரை இழுத்துக்கொண்டு போவதில். உள்ளங்கையின் மேல்தோல் மிகத் தடிப்பானது. அங்கே பட்டால் நிறம் ஆழமாக ஏறிப் பல நாள் போகாது. விரலின் பக்கவாட்டுக்கு வந்ததும் நான் குச்சியில் பூச்சைத் தொடுவதே இல்லை. ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கொண்டே முடித்துக்கொள்கிறேன்.

பூசும்போது மற்றக் கைக்குக் கையுறை வேண்டும். நான் நைட்ரைல் கையுறைதான் அணிகிறேன். ஆய்வகப் பழக்கம் என்று சொல்லலாம். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிலாளர்கள் சிலருக்குக் கைகளில் நிறம் போய்விட்டது. அவர்கள் அணிந்த ரப்பர் கையுறைகளில் சேர்த்திருந்த ஒரு வேதிப்பொருளே காரணம் என்று பிறகு தெரிந்தது. நிறமி செல்களை அழிக்கும் வேதிப்பொருள்கள் உண்டு என்பதை உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது அப்போதுதான். தலைமுடிச் சாயங்கள் சிலவற்றிலும் அப்படிப்பட்ட பொருள்கள் இருக்கின்றன. வெண்புள்ளியை மறைக்க முடிச் சாயத்தைத் தோலில் தடவிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வாமை, புண் ஆகியவற்றோடு நில்லாமல் நிறமிழப்பே கூடிவிடலாம்.

எந்தப் பூச்சையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஓரிரு நாள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். வாசனைப் பொருளும் பதப்படுத்தும் பொருளும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இதைக் கட்டுரையும் சொல்லியிருக்கிறது.

வெளிச்சம் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பூச்சு தரும் பழுப்பும் மெலனினின் பழுப்பும் வேதியியலில் வேறு வேறு. ஒளியின் நிறங்களை இரண்டும் ஒரே விதமாக உறிஞ்சுவதில்லை. ஆகவே குளியலறை விளக்கில் அச்சாகப் பொருந்திய நிறம் வெளியே போனதும் மஞ்சள் தட்டிக் காட்டும். நான் இரவில் பூசுகிறேன். கை கழுவும் வேலையெல்லாம் முடிந்திருக்கும், வியர்வையும் குறைவு. ஆனால் நிறம் பொருந்தியதா என்பதைக் காலையில் சன்னலோரம் நின்றுதான் முடிவு செய்கிறேன். எந்த வெளிச்சத்தில் மற்றவர்கள் நம்மைப் பார்க்கிறார்களோ அந்த வெளிச்சத்தில் நாமும் பார்க்க வேண்டும் அல்லவா?

இறந்த செல்கள் உதிர உதிர நிறமும் உதிரும். கழுத்தில் ஒரு வாரம் வரை நிற்கிறது. கையில் அவ்வளவு நிற்பதில்லை. ஆய்வகத்தில் ஓயாமல் கை கழுவுகிறவளுக்கு எப்படி நிற்கும்? மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுவது நிறம் திட்டுத் திட்டாக உதிர்வதைக் குறைக்கிறது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. பழுப்பு நிறம் வந்துவிட்டதால் வெயில் தாங்கும் தோல் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வெண்புள்ளித் தோலில் மெலனின் இல்லை. பூச்சு அதைக் கொண்டுவரவும் இல்லை. இந்தப் பழுப்பு தரும் பாதுகாப்பு, சன்ஸ்கிரீன் புட்டிகளில் எஸ்.பி.எஃப். என்று போடும் கணக்கில் 3 அல்லது 4 அளவுக்கு மேல் போவதில்லை. அதுவும் சில மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது. கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அந்தத் தோல் வெயிலில் மற்ற தோலைவிட வெகு விரைவில் சிவந்து எரியும். நிறம் ஏறிய பிறகு, வெளியே கிளம்புமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். பூசிய முதல் நாள் கடும் வெயிலைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. சன்ஸ்கிரீனைப் புள்ளிக்கு மட்டும் போடாமல் சுற்றிலும் போடுங்கள். சுற்றியுள்ள தோல் வெயிலில் கருக்காதிருந்தால் புள்ளிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடும் கூடாது. பூச்சுக்கு வேலை குறையும்.

என்னிடம் படித்த ஒரு மாணவி, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "மிஸ், உங்கள் கையில் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லையே, எப்படி?" என்று நேராகவே கேட்டாள். அவளுக்குக் கண்ணிமையிலும் உதட்டோரத்திலும் புள்ளிகள். அவளுக்கு நான் இந்தப் பூச்சைச் சொல்லவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களில் இப்பொருளை வெளிப்பூச்சுக்கு ஏற்றுக்கொண்டபோதும், உதட்டிலும் கண்ணைச் சுற்றிலும் சளிச்சவ்வுகளிலும் பயன்படுத்த ஏற்கவில்லை. தெளிப்பானாக அடித்து மூக்கில் ஏறுவதையும் ஏற்கவில்லை. அவளுடைய இடங்கள் இரண்டும் விலக்கப்பட்ட இடங்கள். முதலில் பெற்றோரோடு தோல் மருத்துவரைப் பார், உன் வயதில் தொடங்கும் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று சொன்னேன். "அதுவரைக்கும்?" என்றாள். அதுவரைக்கும் தினமும் கழுவிவிடும் நிறப்பூச்சுகள் உண்டு, அவற்றையும் மருத்துவரிடமே கேள், எதுவும் இல்லாமலும் நீ வகுப்புக்கு வரலாம் என்றேன். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் எனக்குப் பூச நேரம் இருப்பதில்லை. வெள்ளைக் கைகளோடுதான் பள்ளிக்குப் போகிறேன். மறைப்பது என் விருப்பம். மறைக்காததும் என் விருப்பம். யாருடைய பார்வைக்கும் நான் கடன்பட்டவள் அல்ல என்பதை அந்தப் பெண் என் கைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்தப் பூச்சு மருந்தல்ல. நிறமி செல்களில் ஒன்றைக்கூட இது திருப்பித் தராது. ஆனால் "வெண்புள்ளி மறையும்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்து, இதே பொருளைச் சிகிச்சை என்ற பெயரில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் வந்ததைப் பார்த்து நோய் குணமாகிறது என்று நம்பி, உண்மையான சிகிச்சைக்கு ஏற்ற காலத்தை இழந்துவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அட்டைப்பெட்டியில் உட்பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். டைஹைட்ராக்சி அசிட்டோன் என்றிருந்தால் அது நிறம் காட்டும் பூச்சு, அவ்வளவே.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மருத்துவமனைக்குப் போகும் வாரத்தில் இதைப் பூசாதீர்கள். புள்ளி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா, நடுவே மயிர்க்கால்களைச் சுற்றிப் புதிய நிறப் பொட்டுகள் தோன்றியிருக்கின்றனவா என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்துத்தான் அறிகிறார். பூச்சு அந்தத் தடயத்தை மறைத்துவிடும். புறஊதாக் கதிர்ச் சிகிச்சை எடுப்பவர்கள் பூச்சு பயன்படுத்துவதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். என் மருத்துவர் அதற்கேற்ப எனக்கு நாள்களைக் குறித்துக் கொடுத்தார்.

ஆண்டுதோறும் ஜூன் 25 உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்து ஞாயிறு இணைப்பில் ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு இந்தப் பூச்சைப் பற்றியும், மறைக்க உதவும் மற்ற வழிகளைப் பற்றியும் முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாநிறக் கைகளின் படங்களோடு அது வரட்டும். சென்ற கட்டுரையின் படங்களில் அப்படியொரு கைகூட இல்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்